டபுள் பாஸுக்கு ஒரு மாஸ்டர்ஸ்

பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி. மோட்ஸார்ட்டின் 35ஆம் சிம்பொனியில் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும். அவருடைய 40ஆவதில் முதல் பகுதி. பீத்தோவன் 9ஆவதில் கடைசிப் பகுதியின் தொடக்கம். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ஐன் ஹெல்டன்லேபன்' என்ற படைப்பிலிருந்து ஒரு துண்டு.

அமெரிக்க இசைப் பள்ளிகளில், வயலின் குடும்பத்திலேயே பெரியதும் தாழ்ந்த ஒலியுடையதுமான டபுள் பாஸ் வாசிப்பில் முதுகலை, அதாவது மாஸ்டர் ஆஃப் மியூசிக், படிக்க நினைப்பவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது இப்படி ஒரு பட்டியலைத்தான். பள்ளிக்குப் பள்ளி ஒன்றிரண்டு மாறும். இதோடு, ஆர்கெஸ்ட்ரா பின்னணியில் ஒரே வாத்தியம் முன்னின்று வாசிக்கும் கான்செர்ட்டோ ஒன்று, பாக் தனி செல்லோவுக்கு எழுதிய சூட் என்ற நடன இசைத் தொகுப்புகளில் ஒன்றிலிருந்து இரண்டு பகுதிகள். இளங்கலை முடித்த சான்றிதழ், பரிந்துரைக் கடிதங்கள், வெளிநாட்டு மாணவர் என்றால் டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எல்லாம் இங்கேயும் கேட்பார்கள். மற்றத் துறைகளில் கேட்கும் ஜிஆர்இ நுழைவுத் தேர்வு பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஆனால் காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். முடிவாவது அந்தப் பட்டியலில்தான்.

என் மகன் டபுள் பாஸ் வாசிக்கிறவன். நியூ ஜெர்சியில் பொதுப் பள்ளியில் படிக்கும்போது வயலின் கேட்டுப் போனவனை, உயரத்தைப் பார்த்துவிட்டு, பாஸ் பக்கம் தள்ளிவிட்டார்கள். எந்தப் பள்ளியிலும் பாஸுக்கு ஆள் கிடைக்காது. அதனால் வாத்தியத்தையும் பள்ளியே கொடுக்கும். அப்படி ஆரம்பித்தது இளங்கலை வரை போய், மாஸ்டர்ஸ் என்று வந்து நின்றது. திருச்சியிலிருந்து அண்ணன் போனில் கேட்டார்: "ஏம்மா, ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிறதுக்கு மாஸ்டர்ஸ் டிகிரி வேணுமா?"

"வேண்டாம்ண்ணே. ஆனா படிக்காம வேலை கிடைக்காது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது. அந்த விண்ணப்பக் காலம் முழுவதும் கூடவே இருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். வயலின், வியோலா, செல்லோ எல்லாவற்றுக்கும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குத் தெரிந்தது பாஸ்.

முதலில் அந்தத் துண்டுகள். இவற்றை எக்ஸர்ப்ட் என்பார்கள். ஒரு மணி நேர சிம்பொனியிலிருந்து, வாசிப்பவரின் குறையை மறைக்க முடியாத அரை நிமிடத்தையோ ஒரு நிமிடத்தையோ வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏன் இவையே என்று நான் என் மகனைக் கேட்டதுண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு குறையைப் பிடிக்கிறது.

35ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1782இல் மோட்ஸார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், இதை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வாசிக்க வேண்டும் என்கிறார். வயலினில் அது சிரமம்; பாஸில் அது வேறு ரகம். இடது கை ஒரு நிலையில் நின்றால் எட்டுகிற சுரங்கள் மிகக் குறைவு. வயலினில் விரல் மாற்றினால் போதும் என்கிற இடத்தில் இங்கே கையையே நகர்த்த வேண்டும். தந்திகள் தடிமன், வில் பட்டவுடன் பேசாது; ஒரு நூலளவு தாமதித்துத்தான் ஒலி எழும். அந்தத் தாமதத்தையும் கணக்கில் எடுத்து முன்னதாகவே வில்லைப் போட வேண்டும். வேகமான இடத்தில் இது சற்றுப் பிசகினாலும் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெறும் உறுமலாகிவிடும்.

பீத்தோவன் 5இல் இருப்பது இன்னொரு சோதனை. மூன்றாம் பகுதி தொடங்குவதே செல்லோவும் பாஸும் மட்டும் தணிந்த ஒலியில் மேலேறுவதில். மென்மையாகவும் சுருதி சுத்தமாகவும் ஏற வேண்டும். கொஞ்சம் தள்ளி டிரியோ என்ற நடுப்பகுதி வரும்போது அதே வாத்தியங்கள் முழு பலத்தோடு ஓட வேண்டும். இந்த இடத்தைக் கேட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் யானை துள்ளி விளையாடுவதாக எழுதினார். அந்த டிரியோவில் ஓர் இடத்தில் பாஸ்கள் இரண்டு முறை ஆரம்பித்து, சில சுரங்களிலேயே நின்றுபோய், மூன்றாம் முறைதான் முழுதாக ஓடுகின்றன. பீத்தோவனின் குறும்பு அது. ஆடிஷன் என்ற வாசிப்புத் தேர்வில் தனியாக வாசிக்கும்போது அந்த நிறுத்தங்களை எண்ணிக்கை தவறாமல் காத்திருக்கிறானா, இல்லை பதற்றத்தில் அவசரப்படுகிறானா என்று பார்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 9ஆவது. கடைசிப் பகுதியில் மனிதக் குரல் வருவதற்கு முன்னால், செல்லோக்களும் பாஸ்களும் சேர்ந்து வார்த்தையில்லாமல் பேசுவதுபோல் சில வரிகள் வாசிக்கும். பீத்தோவன் அதன்மேல் பிரெஞ்சில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: ரெசிட்டட்டிவ் போல, ஆனால் தாளத்தில். விருத்தம் பாடுவதுபோல் பாடு, ஆனால் தாளம் விடாதே என்று ஒரு வித்வான் சீடனிடம் சொன்னால் எப்படியிருக்கும்? அதேதான். இது அரங்கேறிய 1824இலிருந்து இதை எப்படிச் செய்வது என்பதில், ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் ஒவ்வொரு கண்டக்டரும் ஒவ்வொரு பக்கம். ஆடிஷனில் கண்டக்டர் கிடையாது. நடுவில் ஆர்கெஸ்ட்ரா குறுக்கிட்டு வாசிக்கும் இடங்களும் மௌனம்தான். அந்த மௌனத்துக்குள் மற்றவர்கள் வாசிப்பது இவன் காதில் ஒலிக்கிறதா என்பது வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்கிறார்கள். தெரியத்தான் செய்கிறது. வீட்டில் அவன் பயிற்சி செய்வதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் எனக்கே தெரிய ஆரம்பித்தது.

சில பள்ளிகள் மாலரின் முதல் சிம்பொனியில் வரும் தனி வாசிப்பையும் கேட்கும். குழந்தைகள் பாடும் 'ஃப்ரேர் ஜாக்' மெட்டை, சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசைக்கு மாற்றி, பாஸின் உயரமான ஸ்தாயியில் தனியாக விட்டிருக்கிறார் மாலர். எளிமையான மெட்டு. அதனால்தான் பயங்கரம்: சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் இசை தெரியாதவருக்குக்கூடத் தெரியும்.

கான்செர்ட்டோவில் தேர்வு அதிகம் இல்லை. வயலின்காரர்களுக்கு பிராம்ஸ், சிபேலியஸ், சைகோவ்ஸ்கி என்று பெருஞ்செல்வம். பாஸுக்கு டிட்டர்ஸ்டார்ஃப், வான்ஹால், பொட்டெஸினி, கூஸெவிட்ஸ்கி. கடைசி இருவரும் பாஸ் வாசித்தவர்கள். கண்டக்டர்களாகவும் பெயர் வாங்கியவர்கள். 1871இல் கெய்ரோவில் வெர்டியின் 'ஐடா' ஆபரா முதன்முதலில் அரங்கேறியபோது நடத்தியவர் பொட்டெஸினி. கூஸெவிட்ஸ்கி 1924இலிருந்து கால் நூற்றாண்டு பாஸ்டன் சிம்பொனியை நடத்தினார். இளம் வாத்தியக்காரர்கள் இன்றைக்கும் கோடையில் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் டாங்கிள்வுட் பயிற்சிப் பள்ளியை 1940இல் தொடங்கியவரும் அவரே. பாஸ் வாசிக்கிறவர்கள் இதை வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

கான்செர்ட்டோவில் இன்னொரு சிக்கல். பாஸின் தந்திகள் தாழ்வாக இருந்து மேலாக இ, ஏ, டி, ஜி. தனி வாசிப்புக்கு எல்லாவற்றையும் ஒரு முழு சுரம் ஏற்றி, மெல்லிய தந்திகள் போட்டு, பிரகாசமான ஒலியில் வாசிக்கும் வழக்கம் உண்டு. அதற்கு சோலோ டியூனிங் என்று பெயர். ஆனால் எக்ஸர்ப்ட்டுகளுக்குச் சாதாரண சுருதி. ஒரே ஆடிஷனில் இரண்டும் கேட்டால் என்ன செய்வது? இரண்டு பாஸ் கொண்டுபோக முடியாது. பெரும்பாலான பள்ளிகள் எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம் என்று விட்டுவிடுகின்றன. வில்லைக் கீழிருந்து பிடிக்கும் ஜெர்மன் முறையா, மேலிருந்து பிடிக்கும் பிரெஞ்சு முறையா என்பதிலும் இப்போது யாரும் சண்டை போடுவதில்லை.

இதையெல்லாம் முதலில் வீடியோவாகப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். ப்ரீ-ஸ்கிரீனிங் என்று பெயர். பல பள்ளிகளுக்கு டிசம்பர் 1 கடைசி நாள். வெட்டி ஒட்டக் கூடாது. ஒரு துண்டை ஆரம்பித்தால் முடிவு வரை ஒரே எடுப்பு. ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நல்ல மைக் வைத்து, பியானோ வாசிக்க ஆளுக்குக் காசு கொடுத்துப் பதிவுசெய்பவர்களும் உண்டு. வீட்டுக் கூடத்தில் போனை வைத்து எடுப்பவர்களும் உண்டு. ஒலிப்பதிவின் தரத்தைப் பார்க்க மாட்டோம் என்று பள்ளிகள் சொல்லும். பாஸின் தாழ்ந்த ஒலியைப் போன் மைக் பாதி விழுங்கிவிடும் என்பதை நான் சொல்கிறேன். இதற்கு மட்டும் யாரிடமாவது ஒரு நல்ல மைக் கடன் வாங்கிவிடுங்கள்.

வீடியோவில் தேறியவர்களை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நேரில் அழைப்பார்கள். இங்கேதான் பாஸ்காரரின் குடும்பத்துக்குத் தலைவலி. அமெரிக்காவில் 2015 முதல் உள்ள விதிப்படி, வயலின் போன்ற சின்ன வாத்தியத்தை இடமிருந்தால் விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம். செல்லோவுக்குத் தனி இருக்கை வாங்கலாம். பாஸை இருக்கையில் வைக்க முடியாது. ஒரு ஆள் உள்ளே படுக்கலாம் என்கிற அளவுக்குக் கெட்டிப் பெட்டி வாங்கி, சரக்கறையில் போட்டுவிட்டு, இறங்கும் வரை சாமி கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே பாஸ்டன், ரோச்செஸ்டர் என்று காரில் எட்டுகிற ஊர்களுக்கு நாங்கள் பனியில் ஓட்டிக்கொண்டு போனோம். எட்டாத ஊர்களில் பள்ளியே ஒரு பாஸை இரவல் கொடுக்கும். முன்பின் பார்த்திராத வாத்தியம், தந்தி உயரம் வேறு, நீளம் வேறு. ஒரு மணி நேரத்தில் அதைப் பழகி, வாழ்க்கையின் பெரிய பதினைந்து நிமிடத்தை அதில் வாசிக்க வேண்டும்.

ஆமாம், பதினைந்து நிமிடம்தான். பல இடங்களில் அதுகூட இல்லை. ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். கான்செர்ட்டோவில் நடுவில் நிறுத்துவார்கள், பாக் கேட்பார்கள், அதையும் நிறுத்துவார்கள், இரண்டு எக்ஸர்ப்ட், நன்றி. நிறுத்தினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் வெளியே வரும் பிள்ளையின் முகம் கேட்காது.

பட்டியலில் எழுதாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசைப் பள்ளியில் ஒருவர் பள்ளியில் சேர்வதில்லை, ஓர் ஆசிரியரிடம் சேர்கிறார். அந்த ஆசிரியரின் மாணவர் கூட்டத்துக்கு ஸ்டூடியோ என்று பெயர். பள்ளியின் ஆர்கெஸ்ட்ராவுக்கு எத்தனை பாஸ் வேண்டுமோ, அதைச் சுற்றித்தான் ஸ்டூடியோவின் அளவு. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பாஸ்கள் எட்டுப் பேர் என்றால், வயலின்கள் முப்பதுக்கு மேல். பிலடெல்பியாவின் கர்டிஸ் மாதிரியான பள்ளியில், பேர்பெற்ற பாஸ் கலைஞர் எட்கர் மேயர் கற்றுத்தரும் இடம் அது, மொத்த மாணவர்களே சுமார் 160 பேர். ஒரு வருடம் யாரும் பட்டம் பெற்று வெளியேறவில்லை என்றால் அந்த வருடம் பாஸுக்கு இடமே இல்லை. நீங்கள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் இல்லை. எந்தத் தகுதிப் பட்டியலிலும் இது இருக்காது. ஆசிரியருக்கு நேராக ஒரு மின்னஞ்சல் போட்டு, வருகிற ஆண்டு இடம் இருக்குமா, ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால்தான் தெரியும். அப்படிக் கேட்பது இங்கே அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள்தான் தயங்குகிறார்கள். பெரியவர்களுக்கு எழுதித் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்த்துவிட்டோம்.

அந்த ஒரு பாடத்தில் இருவருமே ஒருவரையொருவர் சோதிக்கிறார்கள். ஆசிரியர் ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்வார், தோளைத் தளர்த்து, வில்லின் எடையை இப்படி விடு என்று. ஒரு மணி நேரத்தில் மாற்ற முடிகிறதா என்பதைவிட, மாற்ற முயல்கிறானா என்று பார்ப்பார். இரண்டு ஆண்டு வாராவாரம் ஒரே அறையில் இருக்கப்போகிறார்கள் அல்லவா.

சரி, உள்ளே போன பிறகு என்ன கேட்கிறார்கள் என்பதற்கு வருவோம். இது அவ்வளவு சுவாரசியமில்லை. இசைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு முதுகலைக்குக் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் வேண்டும் என்கிறது. பள்ளிகள் அதன்மேல் கூட்டிக்கொள்ளும். வழக்கமாக இரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆசிரியரோடு தனிப்பாடம், ஆர்கெஸ்ட்ரா, சிறு குழுவாக வாசிக்கும் சேம்பர் மியூசிக், எக்ஸர்ப்ட் வகுப்பு. செமஸ்டர் முடிவில் ஆசிரியர் குழுவின் முன்னால் வாசிக்கும் ஜூரி. ஆராய்ச்சி முறை பற்றி ஒரு பாடம், வரலாறு, தியரி என்ற இசை இலக்கணம் இவற்றில் ஒன்றிரண்டு கருத்தரங்குப் பாடங்கள். இறுதியில் ரிசைட்டல் என்ற தனிக் கச்சேரி ஒன்றோ இரண்டோ. சில இடங்களில் வாய்மொழித் தேர்வும் உண்டு.

சேரும் வாரத்தில் தியரியிலும் வரலாற்றிலும் ஒரு நுழைவுச் சோதனை வைப்பார்கள். நான்கு குரலுக்கு ஹார்மனி எழுதச் சொல்வார்கள். முன்பின் பார்க்காத ஒரு இசைத்தாளைக் காட்டி எந்தக் காலம், யார் பாணி என்று கேட்பார்கள். வாசித்துக் காட்டியதைக் கேட்டு எழுதச் சொல்வார்கள். தேறாவிட்டால் மீள்பார்வைப் பாடம் ஒன்றை எடுக்க வேண்டும், அதன் கிரெடிட் பட்டத்துக்குச் சேராது. இளங்கலையில் நாலு வருடமும் பயிற்சி அறையிலேயே கிடந்த பிள்ளைகள் பலரும் இதில் மாட்டுவார்கள். கோடையில் ஒரு பழைய ஹார்மனிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தால் ஒரு செமஸ்டர் மிச்சம்.

சேம்பர் மியூசிக்கில் பாஸுக்கு ஒரு சோகம் உண்டு. நான்கு பேர் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் பாஸ் கிடையாது. பீத்தோவன் எழுதிய பதினாறு குவார்டெட்டுகளில் ஒன்றில்கூட இவர்களுக்கு இடமில்லை. ஷூபர்ட் புண்ணியத்தில் 1819இல் எழுதிய 'ட்ரவுட்' குவின்டெட் ஒன்று இருக்கிறது: பியானோ, வயலின், வியோலா, செல்லோ, பாஸ். அமெரிக்காவில் எந்த இசைப் பள்ளியின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தாலும் அதில் எங்காவது 'ட்ரவுட்' இருக்கும். பாஸ் மாணவர்களுக்குச் சேம்பர் கிரெடிட் வேண்டுமே. நான் அந்த இசையை இப்போது தூக்கத்தில்கூடப் பாடுவேன்.

ரிசைட்டல்தான் பட்டத்தின் உச்சம் என்று கையேட்டில் போட்டிருக்கும். சுமார் ஒரு மணி நேர இசை. சில வாரங்களுக்கு முன் ஆசிரியர்கள் கேட்டு ஒப்புதல் தரும் முன்னோட்டம். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது. ஹிண்டமித் 1949இல் பாஸுக்கு எழுதிய சொனாட்டா, ஷூபர்ட்டின் அர்பெஜியோனே சொனாட்டாவை பாஸுக்கு மாற்றியது, பொட்டெஸினி ஏதாவது ஒன்று, பாக். அவன் நன்றாகவே வாசித்தான். ஆனால் வேலைக்குப் போகும்போது இந்த ஒரு மணி நேர இசையில் கான்செர்ட்டோ இருந்தால் அதையும் பாக்கையும் தவிர எதையும் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே மறுபடியும் மோட்ஸார்ட் 35, பீத்தோவன் 5.

பட்டத்துக்கும் வேலைக்கும் உள்ள இந்த உறவு வினோதமானது. ஓர் ஆர்கெஸ்ட்ராவில் பாஸ் இடம் ஒன்று காலியானால், வாத்தியக்காரர் சங்கத்தின் பத்திரிகையில் விளம்பரம் வரும். நூறுக்கு மேல் விண்ணப்பம் வருவதெல்லாம் சாதாரணம். முதல் சுற்று திரைக்குப் பின்னால். செருப்புச் சத்தத்தில் நடப்பவர் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரிப்பார்கள். வாசிப்பவர் வாய் திறந்து பேசக் கூடாது. கேள்வி இருந்தால் கூட நிற்கும் ஊழியர் காதில் சொல்ல வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவர் ஒரு எண். எண்ணுக்கு எங்கே படித்தது?

இந்தத் திரையின் வரலாற்றில் ஒரு பாஸ்காரர் இருக்கிறார். ஆர்தர் டேவிஸ், ஜாஸ் உலகில் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்தவர். 1969இல் அவரும் ஏர்ல் மாடிசன் என்ற செல்லோ வாசிப்பவரும், கறுப்பினத்தவர் என்பதால் தங்களுக்கு வேலை மறுக்கப்பட்டதாக நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மீது நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் வாசிக்கிறோம், கேளுங்கள் என்பதே அவர்கள் வாதம். நிரந்தர வேலை விஷயத்தில் அந்த இருவருக்கும் எதிராகப் பாகுபாடு நிரூபிக்கப்படவில்லை, ஆனால் தற்காலிக வாத்தியக்காரர்களை எடுப்பதில் பாகுபாடு இருக்கிறது என்று 1970இல் ஆணையம் சொன்னது. டேவிஸ் பிற்பாடு உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி அந்தத் தொழிலையும் செய்தார். அதே ஆர்கெஸ்ட்ராவில் அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1966இல், ஆரின் ஓ'பிரையன் என்ற பெண் சேர்ந்திருந்தார். ஆண்கள் மட்டுமே இருந்த இடத்தில் அவர் வாசித்ததும் டபுள் பாஸ்தான். அவரைப் பற்றிய குறும்படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியது.

ஆக, கடைசியில் பட்டத்தை யாரும் கேட்பதில்லை என்றால் அந்த இரண்டு ஆண்டு எதற்கு? அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். என் பதில் இது: திரைக்குப் பின்னால் போய் நிற்கிற அளவுக்கு ஒரு ஆள் தயாராவதற்கு இருபத்திரண்டு வயது போதாது. ஒரு பாஸும், அதை இரவு பத்து மணிக்கும் வாசிக்க ஓர் அறையும், வாராவாரம் குறையைச் சொல்ல ஒரு காதும், கூட வாசிக்க ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் வேறெங்கும் சேர்ந்து கிடைக்காது. மியாமியில் 1987இல் தொடங்கிய நியூ வேர்ல்ட் சிம்பொனி மாதிரி, படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு மூன்று ஆண்டுப் பயிற்சி தரும் இடங்கள் உண்டு. அங்கே நுழைவதற்கே மாஸ்டர்ஸ் அளவு வாசிப்பு தேவைப்படுகிறது. பட்டம் என்பது அந்த இரண்டு ஆண்டுக்கு வாங்கும் அனுமதிச் சீட்டு.

அப்படியென்றால் சீட்டின் விலை முக்கியம். இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: ஆர்கெஸ்ட்ரா வாத்தியத்தில் மாஸ்டர்ஸுக்குக் கடன் வாங்கக் கூடாது. கர்டிஸ் 1928லிருந்தே யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. யேல் இசைப் பள்ளியில், 2005இல் வந்த 10 கோடி டாலர் நன்கொடையின் பலனாக, கட்டணம் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸின் கோல்பர்ன் கன்சர்வேட்டரியிலும் அப்படியே. இவற்றில் இடம் கிடைப்பது அரிது என்பது தெரிந்ததுதான். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரிய உதவியாளர் வேலையோடு கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் கொஞ்சம் பணமும் தருவார்கள். பாஸுக்கு ஆள் தேவை இருப்பதால் வயலினைவிடப் பேரம் பேச இடமுண்டு. ஒரு பள்ளி கொடுக்கும் தொகையைக் காட்டி இன்னொரு பள்ளியிடம் கேட்கலாம், தப்பில்லை. பெரும்பாலான பள்ளிகள் உதவித்தொகைக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் உடன்பாட்டை மதிக்கின்றன. அதற்குள் முடிவெடுக்கச் சொல்லி நெருக்கினால் அந்தத் தேதியை நினைவூட்டுங்கள்.

பெரிய பெயர் வைத்த ஒரு பள்ளி என் மகனுக்கு இடம் கொடுத்து, பணத்தை மட்டும் கிட்டத்தட்ட முழுவதும் எங்களையே போட்டுக்கொள்ளச் சொன்னது. உறவினர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று எழுதியபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை.

இந்தியாவிலிருந்து வர நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வுகளில் எட்டாம் கிரேடு முடித்ததை நம் ஊரில் பெரிதாகக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மேலே சொன்ன பட்டியல் அதிலிருந்து இன்னும் பல ஆண்டுத் தொலைவு. இன்னொன்று விசா. மாணவர் விசாவில் படிப்பவருக்குப் பட்டம் முடித்தபின் வேலை செய்ய 12 மாதம் கிடைக்கும். பொறியியல், அறிவியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இசைக்கு இல்லை. 12 மாதத்தில் ஆர்கெஸ்ட்ரா வேலை வாங்குவதென்பது பெரும் அதிர்ஷ்டம். திரும்பிப் போனால் என்ன வேலை என்று கேட்டால், முழுநேரத் தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா என்று சொல்லத்தக்கது மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. சென்னையில் 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் கற்பிக்கலாம். கோடம்பாக்கத்தில் வாரம் முழுக்க நேரடி ஸ்ட்ரிங் செக்‌ஷனுக்கு வேலை இருந்த காலம் போய்விட்டது.

மாஸ்டர்ஸ் முடித்தும் வேலை கிடைக்காதவர்கள் அடுத்து டிஎம்ஏ என்ற முனைவர் பட்டத்துக்குப் போவதைப் பார்க்கிறேன். இன்னும் மூன்று நான்கு ரிசைட்டல், தகுதித் தேர்வு, ஓர் ஆய்வேடு. கல்லூரியில் கற்பிக்க விருப்பமிருந்தால் அது சரியான பாதை. காத்திருப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகப் போவது வேறு. அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யாராவது என்னிடம் யோசனை கேட்டால், கட்டடத்தையும் பள்ளியின் தரவரிசையையும் விட்டுவிட்டு, ஆசிரியரிடம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: கடந்த ஐந்து ஆண்டில் உங்களிடம் மாஸ்டர்ஸ் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சிலர் புகழ்பெற்ற ஒரே ஒரு மாணவரின் பெயரைச் சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். என் மகன் கேட்ட ஒருவர் அப்படிச் செய்யவில்லை. ஒருத்தி ராணுவ இசைக்குழுவில் சேர்ந்துவிட்டாள், அங்கே சம்பளம் உறுதி. இருவர் சின்ன ஊர்களின் ஆர்கெஸ்ட்ராக்களில், இரண்டு மூன்றில் மாறி மாறி வாசித்துக்கொண்டு, காரிலேயே பாதி வாழ்க்கை. ஒருவன் பள்ளி ஆசிரியர். ஒருவன் பாஸை விற்றுவிட்டுச் சட்டம் படிக்கப் போய்விட்டான், இப்போதும் தீபாவளி மாதிரி நாட்களில் போன் செய்வான், அவன் இந்தியப் பையன்தான் என்றார். ஒருவன் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் இறுதிச் சுற்று வரை போய் இரண்டாவதாக வந்தான், இன்னும் முயல்கிறான். அவரிடம்தான் என் மகன் சேர்ந்தான்.